இடது கை தூக்கிய விடை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கணக்கு டீச்சர்களே, வாத்தியார்களே! சாக்பீஸ் தூள் இன்னும் மூக்கில் ஏறாத உங்களுக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை. நடத்தி நடத்தித்தான் என் தொண்டை போனது. ஓய்வுக்குப் பிறகு வீட்டில் யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை என்பதால் உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். கொட்டாவி வந்தால் தாராளமாக விடுங்கள், நான் பார்க்காத கொட்டாவியா?

நான் சொல்லப்போவது மட்டு மதிப்புச் சமன்பாட்டைப் பற்றி. பிள்ளைகள் வாயில் அது மாடுலஸ். ஒரு எண்ணை இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே நிறுத்தினால் அதன் மைனஸ் குறி கழன்றுபோகும். பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது மட்டும் மிஞ்சும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் புத்தகத்தில் உள்ளபடி, “x பூஜ்யத்தை விடச் சிறியது எனில் விடை மைனஸ் x” என்று ஆரம்பித்துப் பாருங்கள், வகுப்பு மொத்தமும் கருவாட்டுக் கண்ணோடு உங்களைப் பார்க்கும். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்து கேட்டான்: “மைனஸ் வராதுன்றீங்க, அப்புறம் நீங்களே மைனஸ் போடறீங்க. நீங்க எந்தக் கட்சி டீச்சர்?” அன்றோடு புத்தக வரையறையை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன்.

சரி, கதைக்கு வருகிறேன். மரக்காணத்துப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் உப்பளம்தான். வெயில் ஏறியதும் வெள்ளை கண்ணைக் குத்தும். அதனால் வருஷத்தில் பாதி நாள் ஜன்னலை மூடிவிட்டு வேர்வையில் பாடம் நடத்துவோம். பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளி உண்டு. ஆனால் பதினொன்றில் சேர்ந்தால் வணிகவியல் பிரிவு மட்டும்தான். கணக்குப் பிரிவு வேண்டுமென்றால் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போக வேண்டும்.

“எங்களுக்கும் கணக்குப் பிரிவு குடுங்க” என்று நாங்கள் கேட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து வந்த பதில் ஒன்றே ஒன்று: உங்கள் பிள்ளைகளுக்கு அது வராது, சேர்ந்துவிட்டுப் பாதியில் ஓடுவார்கள். எங்கள் ஹெச்.எம்.முக்கு இதைக் கேட்டு மூக்கு சிவந்துவிட்டது. அவர் சரித்திர வாத்தியார். கூட்டல் கழித்தலுக்கே செல்போனை எடுப்பவர், ஆனால் சாதுரியத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எப்படியோ பேசி ஓர் அதிகாரியை நேரில் வரச் சம்மதிக்க வைத்துவிட்டார். அதிகாரி வருவார், பத்தாம் வகுப்புக்குப் பதினொன்றாம் வகுப்புக் கணக்கு ஒன்றை நடத்திக் காட்ட வேண்டும், பிள்ளைகள் தாக்குப் பிடிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு முடிவு சொல்வார். இதுதான் ஏற்பாடு.

இதில் எனக்கு மட்டும் என்ன இவ்வளவு பதைப்பு என்று கேட்பீர்கள். என் வகுப்பில் ரேவதி என்று ஒரு பெண். முதல் மதிப்பெண் எடுப்பவள் அல்ல. ஒரு கணக்கைப் போட்டுவிட்டு எல்லாரும் நோட்டை மூடிய பிறகும் இவள் மட்டும் அதையே முறைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கணக்கு தவிர வேறு எதுவும் வேண்டாம். அவள் அப்பா ஏழுமலை உப்பளத்தில் வேலை செய்பவர், என்னிடமே வந்து சொன்னார்.

“பொண்ண நான் நம்பறேன் டீச்சர். பஸ்ஸத்தான் நம்பல. சாயங்கால பஸ்ஸு எத்தினி மணிக்கு வருதுன்னு டிரைவருக்கே தெரியாது. இங்க கணக்கு இருந்தா படிக்கட்டும். இல்லன்னா டென்த்தோட போதும், ஜூன்லேர்ந்து அவங்க அம்மாகூட உப்பளத்துக்குப் போவட்டும்.”

“வணிகவியல் இங்கயே இருக்குதே?”

“அத நீங்களே அவகிட்ட சொல்லுங்க. ஒரே அடம்.”

“நீங்க மட்டும் என்னவாம்?”

அவர் சிரித்துவிட்டார். அப்பா, மகள் இருவர் பிடிவாதமும் ஒரே அளவு, திசைதான் வேறு. மாடுலஸ் போட்டால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஜூன் மாதம் அந்தப் பெண் காலில் உப்புத் தண்ணீரோடு நிற்பதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எந்தக் கணக்கை நடத்துவது என்று யோசித்து மாடுலஸைத் தேர்ந்தெடுத்தேன். கரும்பலகையில் ஈ.சி.ஆர். ரோட்டை ஒரு கோடாக இழுத்தேன். மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பூஜ்யம். பாண்டி பக்கம் பிளஸ், சென்னை பக்கம் மைனஸ். “பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பஸ் பிரேக் டவுன் ஆகி நிற்கிறது. எங்கே?” என்று கேட்டேன்.

“எந்தப் பக்கம்னு சொல்லலியே டீச்சர். ரெண்டு எடத்துல ஒண்ணுல நிக்கும்” என்றார்கள்.

அவ்வளவுதான், பாடம் முடிந்தது. இரண்டு இடம், இரண்டு விடை. கரும்பலகையில் ஏதாவது ஒன்றுக்கு மாடுலஸ் போட்டு, சமக்குறிக்கு அந்தப் பக்கம் ஏழு என்று எழுதினால், வகுப்பே பிளஸ் ஏழு ஒருமுறை, மைனஸ் ஏழு ஒருமுறை வைத்து இரண்டு விடையைக் கொண்டுவந்து கொட்டும். கிடைத்த விடையைத் திரும்பக் கணக்கில் போட்டுப் பாருங்கள் என்று நான் தினமும் கத்துவேன். தலையாட்டுவார்கள். ஊறுகாய் ஜாடியை மூடி வை என்று வீட்டில் சொன்னால் எப்படித் தலையாட்டுவார்களோ, அதே தலையாட்டல்தான்.

இந்த இடத்தில்தான் ஹெச்.எம். உள்ளே புகுந்தார். நீங்கள் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள், இல்லாதது போல் முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். அதிகாரி வரும் நாளில் ஆசிரியர்கள் செய்யும் பழைய வேலை. அவர் வகுப்புக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்:

“எல்லாரும் கவனிங்க. கேள்வி கேட்டா எல்லாருமே கை தூக்கணும். ஒருத்தன்கூட சும்மா உக்காரக் கூடாது. விடை தெரிஞ்சவன் வலது கை. தெரியாதவன் எடது கை. டீச்சர் வலது கைய மட்டும்தான் எழுப்புவாங்க. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார்!” கணக்குக்குக் கூட இவ்வளவு உற்சாகமாக அவர்கள் பதில் சொன்னதில்லை.

“சார், அவர் கணக்கு வாத்தியாரா இருந்து வந்தவராம். இதெல்லாம் தெரியாமலா இருக்கும்?” என்றேன் வெளியே வந்து.

“ஏம்மா, அவருக்குத் தெரிஞ்சா என்ன? அவரும் ஒருகாலத்துல பண்ணியிருப்பார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி கம்முனு இருப்பார்.”

அதிகாரி வந்தார். மெலிந்த ஆள், சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. ஹெச்.எம். இளநீரை நீட்டினார், அவர் “அப்புறம்” என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பஸ்ஸை நிறுத்தினேன், பாண்டிக்கும் சென்னைக்கும் அனுப்பினேன், கேள்வி கேட்டேன். வகுப்பு முழுக்கக் கைகள். வலதும் இடதும் கலந்து, மூங்கில் தோப்பு மாதிரி. வலது கைகளாகப் பார்த்து எழுப்பினேன். பிரகாஷ், எங்கள் வகுப்பில் முதல் ஆள், மணி மணியாகச் சொன்னான். வாசலில் நின்ற ஹெச்.எம். மீசையை நீவிக்கொண்டார்.

அப்போதுதான் அதிகாரி எழுந்து வந்து என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினார். கரும்பலகையில் எழுதினார்:

|x − 3| = 2x

“இதுக்கு விடை யாருக்குத் தெரியும்?”

எனக்குச் சுருக்கென்றது. சமக்குறிக்கு அந்தப் பக்கம் நான் எப்போதும் வெறும் எண்ணைத்தான் வைத்திருந்தேன். இவர் அங்கேயும் ஒரு x-ஐ உட்கார வைத்துவிட்டார். பேனாக்கள் ஓடின. கொஞ்ச நேரத்தில் எல்லாக் கைகளும் எழுந்தன. ரேவதியைப் பார்த்தேன். அவள் நோட்டை முறைத்தாள். பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக இடது கையைத் தூக்கினாள். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு விட்டுப்போனது. யாருக்காக இந்தக் கூத்தெல்லாம் நடக்கிறதோ அவளுக்கே தெரியவில்லை.

அதிகாரி வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். உதட்டோரம் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. முதலில் ஒரு வலது கையை எழுப்பினார். பிரகாஷ்.

“ரெண்டு விடை சார். மைனஸ் மூணு, ஒண்ணு.”

வலது கைகள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று ஆடின. அடுத்து, நான் எதற்காகப் பயந்தேனோ அதையே அதிகாரி செய்தார். இடது கைகளுக்கு நடுவே நடந்துபோய் நின்றார்.

“நீ சொல்லும்மா.”

ரேவதி எழுந்தாள்.

“எனக்கு ஒண்ணுதான் சார் வருது.”

“என்னது ஒண்ணு?”

“விடையும் ஒண்ணு சார். ஒரே விடைதான் வருது.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அதிகாரி என் பக்கம் திரும்பினார். “டீச்சர், அவன் ரெண்டுன்றான், இவ ஒண்ணுன்றா. எது சரி?”

அவருக்குப் பின்னால் வாசலில் ஹெச்.எம். இரண்டு விரலைக் காட்டினார். நான் கவனிக்கவில்லை என்று நினைத்து இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரலாகக் காட்டினார். பாவம், சரித்திர வாத்தியார், மாடுலஸ் என்றால் இரண்டு விடை என்று ஜன்னல் வழியாகக் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். எனக்கோ அந்த நிமிஷம் மூளை ஓடவில்லை. என்னையும் கை தூக்கச் சொல்லியிருந்தால் இடது கையைத்தான் தூக்கியிருப்பேன்.

இளசுகளே, கொட்டாவியை நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள். இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். மேலே ஒருவர் கேட்பார், பின்னால் ஒருவர் விரல் காட்டுவார், வகுப்பு உங்கள் வாயைப் பார்க்கும். உடனே ஏதாவது சொல்லித் தொலைத்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தோன்றும். பிரகாஷ் பக்கம் சாய்வதுதான் சுலபம், முதல் மதிப்பெண் பையன், பெரும்பான்மையும் அவன் பக்கம். “அவளுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல சார்” என்று ரேவதியை உட்கார வைத்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் உட்காராமல் நோட்டையே முறைத்துக்கொண்டு நின்றாள். முறைக்கிறாள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

“நான் சொல்றது எதுக்கு சார்? ரெண்டு பேரும் போர்டுக்கு வந்து விடையத் திரும்பக் கணக்குல போட்டுப் பாக்கட்டும். கணக்கே சொல்லும்” என்றேன்.

பிரகாஷ் வந்தான். x இருந்த இடத்தில் ஒன்றைப் போட்டான். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கமும் இரண்டு. சரி. அடுத்து மைனஸ் மூன்றைப் போட்டான். இந்தப் பக்கம் ஆறு. அந்தப் பக்கம் மைனஸ் ஆறு. சாக்பீஸ் அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தான், நான் கூரையில் இருந்த ஃபேனைப் பார்த்தேன்.

“எனக்கும் இதேதான் சார் வந்துது” என்றாள் ரேவதி. “முதல்ல ரெண்டு வந்துது. போட்டுப் பாத்தா மைனஸ் மூணு ஒக்காரல. இந்தப் பக்கம் இருக்கறது தூரம். தூரம் எப்படி சார் மைனஸ்ல வரும்? மைனஸ் ஆறு கிலோமீட்டர் தள்ளி எந்த பஸ்ஸும் நிக்காது.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதிகாரிதான் சிரித்தார். வாசலில் ஹெச்.எம். ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கரித்தது. வேர்வை என்று நினைத்துப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன், வேர்வை இல்லை.

அவள் ஏன் இடது கையைத் தூக்கினாள் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எல்லாருக்கும் இரண்டு வந்தது, தனக்கு ஒன்றுதான் வந்தது. அப்படியானால் தனக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

பிறகு ஹெச்.எம். அறையில் இளநீர். கதவைச் சாத்தச் சொன்னார் அதிகாரி. குரலைத் தாழ்த்தி ஹெச்.எம்.மிடம் கேட்டார்:

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். நானும் வாத்தியாரா இருந்தவன்தான். எங்க ஸ்கூல்ல வலது கைதான் தெரிஞ்ச கை. அத நெனச்சுத்தான் ஒரு வலதும் ஒரு எடதும் எழுப்பினேன். இங்க என்னடான்னா வலது கை தப்பா சொல்லுது, எடது கை கரெக்டா சொல்லுது. மாத்திட்டீங்களா?”

இளநீர் எனக்குப் புரையேறிவிட்டது. இருமல் தாங்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஹெச்.எம்.மின் கண்ணிமைகூட அசையவில்லை.

“ஆமாங்க சார். வலது கைன்றது எல்லா அதிகாரிகளுக்கும் தெரிஞ்சு போச்சு. அதனால இந்த வருஷம் மாத்திட்டோம்.”

“அடேயப்பா!” அதிகாரி தொடையில் தட்டினார். “அப்ப எடது கை தூக்கினதெல்லாம் தெரிஞ்ச பிள்ளைங்களா? பாதி கிளாஸுக்கு மேல இருந்துதே!”

“நம்ம டீச்சரோட உழைப்பு சார்” என்று என் பக்கம் கையைக் காட்டினார் அந்த மகானுபாவர். நான் இருமிக்கொண்டே கும்பிட்டேன்.

ஜீப் புழுதி அடங்கியதும் அவர் மேல் பாய்ந்தேன். “என்னா சார் இது? எடது கை தூக்கினதுல ரேவதியத் தவிர ஒண்ணுத்துக்கும் தெரியாது. இப்படி வாய் கூசாம சொல்லிட்டீங்களே! பிரிவு வந்துச்சுன்னா இதுங்களத்தான நான் மேய்க்கணும்?”

“ஏம்மா கத்தற? அதுங்கள ஜூன் மாசம் பிளஸ் ஒன் ரூமுக்குக் கூட்டிட்டு வர்றது என் வேலை. எடது கைய வலது கையா மாத்தறது உன் வேலை. நீ மாத்திட்டன்னா நான் சொன்னது பொய்யில்ல. மாத்தலன்னாத்தான் பொய்.”

அந்த மனிதர் கணக்கே படிக்காதவர் என்று இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. விடையை முதலில் எழுதிவிட்டு, அது சரியா என்று போட்டுப் பார்க்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். நான் திட்டினேன். அவர் மிச்ச இளநீரைக் குடித்தார்.

கணக்குப் பிரிவு வந்துவிட்டது. செய்தி வந்த அடுத்த வாரம் ஏழுமலை பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய இறால். “எங்க வீட்ல ஒரு வாரமா அடம் இல்ல டீச்சர், வீடே வெறிச்சுனு இருக்குது” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் இறாலை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன முட்டாளா?

அந்த ஜூன் மாதத்திலிருந்து நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. இடது கைக்கூட்டம் மொத்தமும் எதிரே உட்கார்ந்திருந்தது. பிரகாஷ் உட்பட எல்லாரும் முதல் வேலையாக, கிடைத்த விடையைத் திரும்பப் போட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அதற்காக நான் எத்தனை பஸ்ஸை எத்தனை இடத்தில் நிறுத்தினேன் என்று டிப்போவுக்குத் தெரிந்தால் என்னை வேலைக்கு எடுத்திருப்பார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வகுப்பில் வலது கையைப் பார்த்துப் பாடம் நடத்துவது சுகமான வேலை. எதையாவது முறைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி எழும் கை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அதில் பாதி வெறும் கைதான், நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கை வெறும் கை இல்லை என்றால், அதற்காக மிச்சக் கைகளையும் பொறுத்துக்கொள்ளலாம்.

புதிய பிரிவின் முதல் நாள், முதல் பீரியடு. வேண்டுமென்றே இரண்டு பக்கமும் x வைத்து ஒரு மாடுலஸ் கணக்கை எழுதிவிட்டு, “யாருக்குத் தெரியும்?” என்று கேட்டேன். சில வலது கைகள் எழுந்தன, நிறைய இடது கைகள் எழுந்தன. பழக்கம் விடவில்லை. முன் பெஞ்சில் ரேவதி மட்டும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னாடி இது, போலீஸா வந்திருக்குது? எதுக்கு ரெண்டு கை?”

“ரெண்டு விடை வந்திருக்குது டீச்சர்” என்றாள். “இன்னும் போட்டுப் பாக்கல.”